குப்புராஜ் நகரில் முன்கூட்டிய தேர்தல்

1989 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. குப்புராஜ் நகர் நலச் சங்க மண்டபத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அன்றைய வெயில் முழுவதையும் வாங்கி, உள்ளே உட்கார்ந்திருந்த எட்டு நிர்வாகக் குழு உறுப்பினர்களின் தலையிலும் பாரபட்சமின்றி இறக்கிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் பாரபட்சமின்றி நடந்தது அது ஒன்றுதான்.

அப்துல் கஃபார் வாசற்படியருகே ஒரு மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் உறுப்பினர் அல்லர், மனுதாரர். மேற்குத் தாம்பரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். இந்த மண்டபத்துக் கதவுகளுக்குக் கீலும் தாழ்ப்பாளும் அடக்க விலைக்குக் கொடுத்தவரும் அவரே. அந்தக் கதவுகளைத் தம் மகள் ஜெய்னபின் நிக்காஹுக்காக மே 21ஆம் தேதி திறந்துவிடும்படி டிசம்பரில் மனுக் கொடுத்திருந்தார். நோன்புப் பெருநாளுக்குப் பிந்தைய தேதிகளுக்குப் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் மண்டபம் எதுவும் மிச்சமில்லை. இதுவும் இல்லையென்றால் கல்யாணத்தை ஆம்பூரில் தாமே நடத்திக்கொள்வதாகச் சம்பந்தி பெருந்தன்மையோடு சொல்லியிருந்தார். நோன்பு தொடங்குவதற்குள் பதில் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பெருந்தன்மை கஃபாருக்குத் தொண்டையில் முள்ளாய் நின்றது.

மனுவை யாரும் மறுக்கவில்லை. மறுக்கவும் ஒரு தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், தலைவர் இல்லை. நவம்பர்த் தேர்தலில் நான்கு இடங்களை ஆராவமுதனின் பட்டியலும் நான்கு இடங்களை ஜெயவேலுவின் பட்டியலும் பெற்றிருந்தன. ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரியான ஆராவமுதன், மண்டபத்தில் சைவச் சமையல் மட்டுமே நடக்க வேண்டும் என்பவர். இந்த நகர் நெல் வயலாக இருந்த காலத்தில் அதற்குச் சொந்தக்காரராக இருந்த குப்புராஜின் மகன் ஜெயவேலு, பேரனின் காதுகுத்துக்குக் கிடா வெட்டியே தீருவது என்றிருப்பவர். தலைவரைத் தேர்ந்தெடுக்க மூன்று முறை கூடியாகிவிட்டது. மூன்று முறையும் நாலுக்கு நாலு.

"ஆகவே விதி பதினொன்றின்படி இந்தக் குழு கலைகிறது. ஏப்ரல் இரண்டாம் தேதி முன்கூட்டிய தேர்தல்" என்றார் தட்சிணாமூர்த்தி.

அவர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். சங்கத்தின் தேர்தல் அதிகாரி. அதன் விதிகளை எழுதியவரும் அவரே. அறிவிப்பில் வருத்தம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. கஃபார் அதைக் கவனித்தார்.

"சார், மெய்யாலுமே கேக்குறேன்" என்றார் ஜெயவேலு. "எந்த மவராசன் சங்கத்துக்கு எட்டு பேரு வெப்பான்? ஒம்போது வெச்சா இன்னா, ஏழு வெச்சா இன்னா?"

"லித்துவேனியாவின் முதல் நாடாளுமன்றத்தில் எழுபத்தெட்டு இடங்கள். நம் நகருக்குத் தக்கபடி பத்தில் ஒன்றாகச் சுருக்கினேன். ஏழு புள்ளி எட்டு வந்தது. எட்டாக முழுமையாக்கினேன்."

"ஏழுன்னு வுட்டிருந்தா என் பேரனுக்குக் காது குத்தி, கம்மலும் போட்டிருக்கலாம்."

"முழுமையாக்குவதற்கு முறை இருக்கிறது, ஜெயவேலு."

லித்துவேனியா என்பது ஐரோப்பாவின் வடக்கில் உள்ள ஒரு சிறிய தேசம். அதன் தொடக்ககாலத் தேர்தல்களைப் பற்றித் தட்சிணாமூர்த்தி ஒன்பதாண்டுகள் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றிருந்தார். அந்த ஆய்வை அவருடைய வழிகாட்டியும் அச்சகத்தாரும் தவிர ஒருவரும் படித்ததில்லை. எனவே, சங்கத்துக்கு விதிகள் எழுதித் தரும்படி கேட்டபோது அவர் மறுநாளே எழுதித் தந்துவிட்டார். பட்டியலுக்கு வாக்கு, வாக்கு விகிதத்துக்கு இடம், ஆணும் பெண்ணும் வயது வந்த அனைவருக்கும் தலைக்கு ஒரு வாக்கு. மற்ற நகர்களிலெல்லாம் வீட்டுக்கு ஒரு வாக்குதான்.

"அந்த ஊர்லயும் இப்டித்தான் இழுத்துகினு கெடந்ததா?" என்றார் ஜெயவேலு.

தட்சிணாமூர்த்தி இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் நிமிர்ந்தார். "இப்படியேதான். 1922 அக்டோபரில் தேர்தல். மிகப் பெரிய அணிக்கு முப்பத்தெட்டு. பாதிக்கு ஒன்று குறைவு. ஆட்சி ஓடவில்லை. மறு மார்ச்சில் அவை கலைந்தது. மே மாதம் முன்கூட்டிய தேர்தல். அதே அணிக்கு நாற்பது கிடைத்தது. அதைவிடச் சுவையானது, முதல் தேர்தலில் சிதறிக் கிடந்த சிறு பிரிவினர் இரண்டாவதில் பல மடங்கு இடங்களைப் பிடித்தார்கள்."

"இப்ப அந்த ஊரு எப்டி கீது?"

"இப்போது சோவியத் யூனியனுக்குள் இருக்கிறது."

"அப்ப ஊரே இல்ல! இல்லாத ஊரு சட்டத்த வெச்சுகினுதான் எங்கள பேஜார் பண்ணிகினு கீறியா?"

"ஊர் இருக்கிறது. நாடுதான் தற்காலிகமாக இல்லை" என்றார் தட்சிணாமூர்த்தி.

ஆராவமுதன் தொண்டையைச் செருமினார். "மிஸ்டர் கஃபார், உங்கள் விஷயத்தில் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் இல்லை. இது கொள்கை."

"தெரியும் சார்" என்றார் கஃபார். தெரிந்து என்ன பயன் என்பதைச் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் ஜெய்னப் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நகரில் கணக்கில் தேறிய பிள்ளைகளில் பாதிப் பேர் அவளிடம் டியூஷன் படித்தவர்கள். கல்யாணம் இங்கேயே நடக்க வேண்டும் என்பதற்கு அவள் சொன்ன ஒரே காரணமும் அதுதான்: ஆம்பூரில் நடந்தால் இவர்களில் ஒருவரும் வர முடியாது.

"என்ன அத்தா ஆச்சு?" என்று தந்தையிடம் கேட்டாள்.

"கலைச்சிட்டாங்கம்மா. மறுபடியும் எலெக்‌ஷன்."

அடுக்களையிலிருந்து ஷம்சாத் வெளியே வந்தாள். கணவர் சொன்னதை முழுவதும் கேட்டாள். லித்துவேனியா வந்த இடத்தில் மட்டும் ஒருமுறை குறுக்கிட்டு, அந்த ஊரில் வெயில் எப்படி என்று விசாரித்தாள். பிறகு, "நான் நிக்கறேங்க" என்றாள்.

"எங்க?"

"எலெக்‌ஷன்லதான். வேற எங்க?"

கஃபார் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்து நான்கு ஆண்டுக் குடித்தனத்தில் அவள் இப்படியொரு செய்தியைச் சொன்னதில்லை.

"தட்சிணாமூர்த்தி சார் வீட்டம்மா தையல்நாயகி அக்கா இருக்காங்கல்ல, அவங்கதான் லிஸ்ட்டுல முதப் பேரு. நான் ரெண்டாவது. மூணாவது ஜெயவேலு அண்ணன் வீட்டு கங்கையம்மா அக்கா. நாலாவது ஆராவமுதன் சார் வீட்டு கோமளவல்லி மாமி."

"அந்த மாமியுமா? அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்போது தெரியும். லாரித் தண்ணி வரப்ப நாங்க எல்லாம் பேசிக்கிட்டோம். மண்டபம் கட்டினீங்களே, சமையக்கட்டுல ஒரு குழாய் வச்சீங்களா? எட்டு ஆம்பளைங்க உக்காந்து நாலு மாசமா சைவமா அசைவமான்னு சண்டை. எது சமைச்சாலும் அரிசி களைய அங்க தண்ணி இல்ல. அது ஒருத்தருக்கும் தோணல."

கஃபாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குழாய்க்கு வேண்டிய சாமான்கள் தம் கடையிலேயே இருக்கின்றன என்பது மட்டும் மனத்தில் ஓடியது.

"தையல்நாயகி அம்மா சுத்த சைவமாச்சே" என்றார். "முட்டை போட்ட கேக்கையே தொட மாட்டாங்க. நாளைக்கு அவங்க நம்ம மனுவுக்குக் கை தூக்குவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"கேட்டேன். மனு வந்தா படிச்சுப் பாத்துச் சொல்றேன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். புருஷனுக்கேத்த பொண்டாட்டி."

கஃபார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது பட்டியல் வந்த செய்தி நகருக்குள் பரவியபோது, ஆராவமுதன் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஜெயவேலு நேரே கஃபாரின் கடைக்கு வந்து, ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்து முறையிட்டார்.

"இன்னா பாய் இது? என் வூட்டுக்காரியே எனக்கு எதிரா நிக்கிறா. கேட்டா, 'உன் லிஸ்ட்டுல ஒரு பொம்பள பேரு கீதா?'ன்னு கேக்குறா. எதுத்துப் பேச முடியல. சோறு அவ கையில கீது."

"என் வீட்லயும் அதே கதைதான் அண்ணா."

"உனக்கின்னா, உன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான நிக்கிறாங்கோ. எனக்கு யாரு கீறாங்கோ?"

நவம்பர்த் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கவே வரவில்லை. அதற்குக் காரணம் அக்கறையின்மை அன்று. வாக்குப்பதிவை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் பத்து வரை வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் புராணத் தொடர் ஓடும் நேரம் அது. அந்த நேரத்தைக் குறித்தவர்கள் ஆராவமுதனும் ஜெயவேலுவும். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயமும் அதுதான். ஆண்களும் வேகமாக வாக்களித்துவிட்டுக் கடைசிக் கால் மணி நேரத்துக்காவது வீட்டுக்கு ஓடியிருந்தார்கள். லித்துவேனியாவில் தொலைக்காட்சி இல்லாததால், தட்சிணாமூர்த்தியின் விதிகள் இந்த இடர்ப்பாட்டை எதிர்பார்த்திருக்கவில்லை. இம்முறை அவர் வாக்குப்பதிவை மாலை ஐந்து வரை நீட்டித்தார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை பத்து மணி வரை மண்டபத்தில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். அதன்பின் தொடர் முடிந்தது. தெருத் தெருவாகக் கதவுகள் திறந்தன. பூ வைத்துக்கொண்டவர்கள், துப்பட்டி போட்டுக்கொண்டவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு மூன்றாவது விசிலுக்குள் திரும்ப வேண்டியவர்கள் என்று ஒரு திருவிழாக் கூட்டம் வந்தது. வரும் வழியெல்லாம் அன்றைய கதையைப் பற்றியே பேசினார்கள். மண்டபத்து வாசலில் மட்டும் பேச்சை நிறுத்தி, உள்ளே போய்க் குத்திவிட்டு, வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"இன்னாம்மா, யாருக்குப் போட்ட?" என்று வாசலில் நின்ற ஜெயவேலு தம் மருமகளைக் கேட்டார்.

"ரகசிய ஓட்டு மாமா."

"என்கிட்டயேவா?"

"உங்ககிட்டதான் மாமா ரகசியம்."

மாலை ஆறு மணிக்குத் தட்சிணாமூர்த்தி கரும்பலகையில் வகுத்தும் பெருக்கியும் முடித்து, சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். ஆராவமுதன் பட்டியலுக்கு மூன்று. ஜெயவேலு பட்டியலுக்கு மூன்று. பெண்கள் பட்டியலுக்கு இரண்டு: தையல்நாயகி, ஷம்சாத். மனைவியின் பெயரை அறிவிக்கும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அறிவித்து முடித்ததும், லித்துவேனியாவின் இரண்டாவது அவையில் சிறு பிரிவினர் பெற்ற இடங்களைப் பற்றி அருகில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். அருகில் இருந்தவர் கஃபார் மட்டுமே.

"சார்," என்று கஃபார் மெதுவாகக் கேட்டார், "வீட்டம்மா எங்க மனுவைப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

தட்சிணாமூர்த்தி திடுக்கிட்டார். "தேர்தல் அதிகாரி ஓர் உறுப்பினரிடம் அதையெல்லாம் விசாரிக்கலாமா? நாங்கள் நாமினேஷன் நாளிலிருந்து வீட்டில் சங்க விஷயம் பேசுவதில்லை."

"அப்ப என்னதான் பேசறீங்க?"

"அதிகம் பேசுவதில்லை" என்று ஒப்புக்கொண்டார்.

புதிய குழு ஏப்ரல் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை கூடியது. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. சம்பந்தி முதல்நாளே கடைக்குத் தொலைபேசியில் பேசி, ஆம்பூர் மண்டபத்துக்கு முன்பணம் கட்டட்டுமா என்று மிகுந்த அன்போடு கேட்டிருந்தார். ஓர் இரவு பொறுக்கும்படி கஃபார் கேட்டுக்கொண்டார். மாலை அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்து, அதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தலைவர் தேர்தல் நினைத்ததைவிட விரைவாக முடிந்தது. ஜெயவேலுவைத் தடுக்க ஆராவமுதன் தரப்பு தையல்நாயகிக்கு வாக்களித்தது. ஆராவமுதனைத் தடுக்க ஜெயவேலு தரப்பும் தையல்நாயகிக்கே வாக்களித்தது. எட்டுக்கு எட்டு. குப்புராஜ் நகரின் வரலாற்றில் போட்டியால் விளைந்த முதல் ஒருமனது அது.

தையல்நாயகி தலைவர் நாற்காலியில் அமர்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முதல் மனு, அப்துல் கஃபார். மே இருபத்தொன்று. நிக்காஹ்."

"ஓர் ஒழுங்குப் பிரச்சினை" என்று தட்சிணாமூர்த்தி எழுந்தார். "மனுதாரரின் மனைவி உறுப்பினராக இருக்கிறார். தம் குடும்பத்தைப் பற்றிய தீர்மானத்தில் உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது. விதி பத்தொன்பது."

கஃபாரின் சொந்த வீட்டு வாக்கும் போயிற்று. ஷம்சாத் எழுந்து வந்து, கணவரின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சார், நீங்க நல்லவரா கெட்டவரா?" என்று கேட்டார் ஜெயவேலு.

"மீதி ஏழு பேர்" என்றார் தட்சிணாமூர்த்தி, அந்தக் கேள்வியைத் தமக்குரியதாகக் கொள்ளாமல்.

ஏழு என்ற சொல் மண்டபத்தில் ஒரு கணம் நின்றது. எல்லாரும் மனக்கணக்குப் போட்டார்கள். மூன்று, மூன்று, ஒன்று. இனிச் சமநிலை வர வழியில்லை. எல்லாருடைய பார்வையும் அந்த ஒருவரிடம், தையல்நாயகியிடம், போய் நின்றது.

தையல்நாயகி மனுவை நிதானமாகப் படித்தார். ஒரு பக்கம்தான் இருந்தது. அதை இருமுறை படித்தார்.

"ஆராவமுதன் சார், இதில் உங்கள் ஆட்சேபம் என்ன? கொள்கை என்று சொல்லாமல், பொருளாகச் சொல்லுங்கள்."

"பாத்திரம்" என்றார் ஆராவமுதன் உடனே. "வசூல் செய்து வாங்கிய அண்டா, குண்டான், கரண்டி. என் பேத்தியின் ஆண்டு நிறைவுக்கு அதே அண்டாவில் அக்காரவடிசல் செய்ய வேண்டாமா? எந்த முகத்தோடு திருநீர்மலைப் பெருமாள் முன்னால் போய் நிற்பேன்?"

"நியாயம்தான்" என்றார் தையல்நாயகி. பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "கஃபார் அண்ணா, உங்கள் கல்யாணத்துக்கு எத்தனை பாத்திரம் வேண்டும்?"

கஃபாருக்குக் கேள்வி விளங்கவில்லை. "எதுக்கும்மா?"

"பிரியாணிக்கு."

"மண்டபத்துப் பாத்திரமா? அது ஒண்ணுமே வேண்டாமே! பல்லாவரத்துப் பண்டாரி ஒருத்தர்தான் சமைக்கிறார். அவர் தேக்சா, அகப்பை எல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துருவார். வேற பாத்திரத்துல சமைக்கச் சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிருவார்."

ஆராவமுதன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"ஒன்றுமே வேண்டாமா?" என்றார் ஆராவமுதன்.

"ஒரு கரண்டிகூட வேண்டாம் சார்."

"இதை டிசம்பரிலேயே சொல்லியிருக்கலாமே!"

"யாரும் கேக்கலையே சார். பிரியாணிக்குப் பண்டாரி தேக்சாவோட வர்றது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு இருந்துட்டேன்."

"எனக்கு எப்படி ஐயா தெரியும்?" என்றார் ஆராவமுதன், நான்கு மாதப் போராட்டம் தம் கையை விட்டு நழுவுவதைப் பார்த்தபடி. "சரி, அடுப்பு? புகை உள்ளே வருமே?"

"பின்பக்கம் என் மனை சும்மாதான கீது" என்றார் ஜெயவேலு. "அங்க மூட்டிக்கோ பாய். கீத்துக் கொட்டா நான் போட்டுத் தரேன். அப்டியே என் பேரன் காதுகுத்துக்கும் ஆச்சு."

"தண்ணீர்?" என்றார் தையல்நாயகி.

"குழாய் நான் போட்டுத் தர்றேம்மா," என்றார் கஃபார், "பின்னால ஒண்ணு, உள்ள சமையக்கட்டுல ஒண்ணு." ஷம்சாத் அவர் தோளை விரலால் மெல்ல இடித்தாள்.

வாக்கெடுப்பு நடந்தது. ஜெயவேலு தரப்பின் மூன்று கைகளும் உயர்ந்தன. ஆராவமுதனின் இருபுறமும் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள்; அவர் கூரையைப் பார்த்தார்; அவர்களும் கையை உயர்த்தினார்கள்.

"நான் எதிர்க்கவில்லை, ஆதரிக்கவுமில்லை" என்றார் ஆராவமுதன். "அப்படியே பதிவு செய்யுங்கள். மிஸ்டர் கஃபார், கல்யாணத்துக்கு வரலாம் அல்லவா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! உங்களுக்கெல்லாம் தனிப் பந்தி. திருநீர்மலையிலிருந்தே ஐயர் ஒருத்தரைச் சமையலுக்குச் சொல்லியிருக்கோம்."

"மண்டபத்துப் பாத்திரத்தில்தானே?"

"உங்க அண்டாவுலயேதான் சார்."

தையல்நாயகி எல்லாருக்கும் கடைசியில் தம் கையை உயர்த்தினார். கஃபார் அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டார். அந்த ஓசை வெளியே கேட்டதா என்று பின்னர் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

தீர்மானத்தைத் தையல்நாயகியே எழுதினார். அவர் எழுத எழுதத் தட்சிணாமூர்த்தி பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்ததும் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டார். மண்டபம் வழங்கப்படுகிறது, அடுப்பு பின்மனையில், அசைவத்துக்குச் சங்கத்தின் பாத்திரம் பயன்படாது, இரண்டு குழாய்கள் மனுதாரர் பொறுப்பு. இதே ஏற்பாடு இனி யார் கேட்டாலும் பொருந்தும் என்று ஒரு வரியும் சேர்ந்தது. ஜெயவேலு அந்த வரியைத் தமக்காக உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வெளியே தெருவில் பிள்ளைகள் பிறையைத் தேடிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி கையெழுத்திட்டு, கீழே தேதி குறித்து, மை உலரும்வரை காகிதத்தைக் காற்றில் மெல்ல ஆட்டினார். பிறகு எழுந்து வாசல்வரை வந்து, மடக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்ற கஃபாரிடம் அதை நீட்டினார்.

"படித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா" என்றார்.

கஃபார் படிக்காமலேயே இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.